மாப்பிள்ளை பைக்குக்குச் சார்ஜ் ஏறவில்லை

ஒரு மெக்கானிக் தன்னுடைய பைக்கைத் தானே தள்ளிக்கொண்டு போவதை ஊர் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன நடக்கும் என்பதைக் கல்யாணம் முடித்த முதல் வருடத்தில் நாலு மாதம் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

நான் பாலமுனைக்காரன். பெண் எடுத்தது கடலோரச் சாய்ந்தமருதில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் ஒரு பெட்டியில் உடுப்பு, இன்னொரு பெட்டியில் ஸ்பேனர் சாவிச் சாமான்கள், கக்கத்தில் மின்சாரம் அளக்கிற ஒரு மீட்டர் என்று வந்து இறங்கினேன். என் தொழில் மோட்டார் சைக்கிள் வயரிங். அதிலும் சார்ஜ் ஏறாத பைக் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. செல்ப் ஸ்டார்ட் அடிக்கவில்லை என்று யாராவது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புதுப் பெட்டரி போட்டு அனுப்புகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெட்டரி மாற்றுவது கடைக்காரன் வேலை, அது ஏன் செத்தது என்று சொல்வதுதான் மெக்கானிக் வேலை என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். வாய் கொஞ்சம் நீளம்.

மாமா, அதாவது என் மனைவியின் வாப்பா, இருபது வருடமாகக் கட்டாரில் சாரதி. கல்யாணத்துக்கு வந்து மூன்று வாரம் நின்றுவிட்டுப் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கராஜ் திறக்க ஆசைப்படுகிறேன் என்று தெரியும், தாராளமாகத் திறக்கலாம், ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்க்கலாம், ஓடவில்லை என்றால் அவர் வேலை செய்யும் கம்பனியின் கராஜில் ஒரு விசா எனக்காக இருக்கிறது என்றார். நல்ல மனிதர், நல்லதைத்தான் சொன்னார். ஆனால் என் மனைவி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாப்பா எண்டா போன்" என்றாள். "என்ட புள்ளைக்கும் போன்தான் வாப்பாவா இரிக்கணுமா?"

அப்போது பிள்ளை என்று ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் அதுவும் உண்டானது. அதற்குப் பிறகு கராஜ் ஓடுவதா இல்லையா என்பது என் தொழிலைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு ஆள் மாமி. மாமியை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது பல வீடுகளில் அந்த வழக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டில் போகவில்லை. மாமிக்கும் மருமகனுக்கும் நேரே கதை கிடையாது. நான் முன்னறையில் இருந்தால் மாமி உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருப்பார். எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவிக்குச் சொல்வது போல, எனக்குக் கேட்கும்படி சொல்வார். ஒருநாள் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மாமி என்ன செய்தார் தெரியுமா? வீட்டுப் பூனையைக் கூப்பிட்டு, மேசையில் தேத்தண்ணி இருக்கிறது என்று மருமகனிடம் சொல்லு என்றார். நானும் பூனையிடமே, சீனி கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்லியனுப்பினேன். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பூனை எங்கள் இருவருக்கும் பல நாள் தூது போயிருக்கிறது.

பைக் மாமி தந்தது. வெளிநாட்டிலிருந்து வாகனங்கள் வருவது நின்றிருந்த காலம் அது. புதுப் பைக் கிடைப்பது குதிரைக் கொம்பு. மாமி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கல்முனை முழுக்க அலைந்து, ஒருவர் கண்ணைப் போல வைத்திருந்த சிவப்பு நிறப் பழைய பைக் ஒன்றைத் தேடிப் பிடித்தார். என்ஜின் நல்ல என்ஜின். காலால் உதைக்கிற கிக்கர் இல்லாத ரகம், பொத்தானை அமுக்குகிற செல்ப் மட்டும்தான். கல்யாணத்தன்று யாரோ ஒரு சொந்தக்காரப் பெண், மாப்பிள்ளைக்குப் பழைய பைக்கா கொடுத்தீர்கள் என்று கேட்டாளாம். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நாலு மாதம் மிஞ்சியிருக்கும்.

கராஜ் திறந்து ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒருநாள் காலையில் செல்ப் பொத்தானை அமுக்கினேன். 'டிக்' என்றது. மறுபடியும் 'டிக்'. கிக்கர் இல்லாத பைக்கில் 'டிக்' என்றால் தள்ள வேண்டும். எங்கள் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதி வரைக்கும் தள்ளி, கியரில் போட்டு, குதித்து ஏறி உயிர்ப்பித்தேன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் முதலில் செய்தது பெட்டரியை மாற்றியதுதான். கல்முனைக்குப் போய்ப் புதுப் பெட்டரி வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, கராஜின் கதவைப் பாதி சாத்திக்கொண்டு போட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். மூன்று வாரத்தில் அதுவும் 'டிக்' என்றது.

அப்போதுதான் ரோசம் வந்து மீட்டரை எடுத்தேன். பைக்கில் மின்சாரம் ஓடுவது வயலுக்குத் தண்ணீர் பாய்வது மாதிரி. என்ஜினுக்குள் காந்தம் சுற்றச் சுற்றக் கொயிலில் மின்சாரம் பிறக்கும், அது குளம். அதைத் தேவைக்கு அளந்து விடுகிற ரெகுலேட்டர் மதகு. பெட்டரி வயல். வயல் காய்ந்தால் வயலை ஏசிப் பிரயோசனமில்லை, வாய்க்கால் வழியே நடந்து பார்க்க வேண்டும். என்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, பெட்டரியில் மீட்டரை வைத்தால் பதினாலு வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். என்னுடையது பன்னிரண்டரையில் நின்றது. முறுக்கினாலும் அசையவில்லை. கொயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களையும் சோதித்தேன். மூன்றும் ஒரே அளவு, குறை சொல்ல முடியாது. குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வயலுக்கு வரவில்லை. அப்படியானால் மதகுதான் என்று ரெகுலேட்டரை மாற்றினேன். மீட்டர் பதினாலு புள்ளி ஒன்று காட்டியது. அன்று வீட்டுக்குப் போய், என் மனைவியிடம் ஒரு மணி நேரம் என் கெட்டித்தனத்தைப் பற்றிக் கதைத்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பவும் தள்ளினேன்.

இதற்குள் ஊரில் பேச்சு ஓடிவிட்டது. என் கராஜுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் என்னை விட மூத்தவர், அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் பால் பொங்காது. சவளக்கடையிலிருந்து ஒரு விவசாயி, லைட் மங்குகிறது என்று தன் பைக்கைக் கொண்டுவந்தார். அவர் வந்த நேரம் பார்த்து நான் என் பைக்கைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தேன். அவர் என் கராஜின் பெயர்ப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரத்தில் வந்த ஒரே ஆள் அவர். எனக்கு அழுகை வராத குறை.

விட்டேனா? தினமும் வீட்டு வாசலில், தகரம் போட்ட நிழலில், பைக்கின் வலது பக்க மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருவேன். ரெகுலேட்டரின் வயர்கள் வந்து சேருகிற கப்ளர் அந்த மூடிக்குள்தான் இருக்கிறது. ஒருநாள் என்ஜினை ஓட விட்டு, லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் எர்த்திலும் மறு முனையைப் பெட்டரியின் கழித்தல் முனையிலும் வைத்தேன். அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டியது. போன மின்சாரம் திரும்பி வருகிற பாதையில் அடைப்பு. கப்ளரைப் பிரித்துப் பார்த்தால் எர்த் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. புது ரெகுலேட்டர் போடும்போது கழற்றி மாட்டியதில் அந்தக் களிம்பு கொஞ்சம் உரசித் தேய்ந்து நாலு நாள் வேலை செய்திருக்கிறது. நான் ரெகுலேட்டருக்குப் பாராட்டுக் கொடுத்துவிட்டேன், பாவம், பழைய ரெகுலேட்டர் நல்லதாகத்தான் இருந்திருக்கிறது.

களிம்பைச் சுரண்டித் துணியால் துடைத்தேன். சார்ஜ் ஏறியது. பத்து நாளில் மறுபடியும் களிம்பு. மறுபடியும் திறந்து துடைத்தேன். இந்த முறை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. துடைக்கத் துடைக்கக் கூடிக்கொண்டு போகிற நோயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடல் காற்று என்று வைத்தாலும், கடலுக்கு இன்னும் கிட்டே நிற்கிற மீன்காரர்களின் பைக்குகள் ஒழுங்காக ஓடுகின்றனவே. இருக்கைக்கு அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. என் பைக்கை மட்டும் கடல் தேடி வருகிறதா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஏதோ வேலை இருப்பது போல அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாமாவின் அழைப்பு வந்தது. விசா தயார், கடவுச்சீட்டைப் படம் எடுத்து நாளைக்குள் அனுப்பச் சொன்னார். அனுப்புகிறேன் மாமா என்றேன். வேறென்ன சொல்வது? கராஜில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கும் எப்படியோ எட்டியிருந்தது. அன்று என் மனைவி சாப்பிடவில்லை.

மறுநாள் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். வழக்கமாகத் தொழுதுவிட்டு நேரே காக்காவின் கடைக்குப் போய், நன்றாக வெளிச்சம் வரும்வரை தேநீரும் கதையுமாக இருப்பேன். அன்றும் போனேன். உட்காரவில்லை, அதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"பாஸ், ஊர்ப் பெட்டரியெல்லாம் நீங்க பாக்குற. உங்கட பெட்டரிய ஆரிட்டக் காட்டுற?"

மற்ற நாளாக இருந்தால் நானும் ஒன்று சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. தேத்தண்ணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து விடுவிடென்று வீட்டுக்கு நடந்தேன். அந்தக் கோபத்துக்கு அல்லாஹ் நன்மை எழுதட்டும்.

வாசலுக்கு வந்தபோது தகர நிழலில் ஒரு பெண் என் பைக்கின் முன்னே குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கையில் மாமாவின் பழைய சாரன் துண்டு. வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டே, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலச் சக்கரம், பெற்றோல் தாங்கி, தாங்கியின் அடி என்று கழுவிக்கொண்டிருந்தார். பிறகு வலது பக்க மூடியை இழுத்தார். நான் அடிக்கடி திறப்பதால் ஸ்குரூ பூட்டாமல் விட்டிருந்தேன், கையோடு வந்துவிட்டது. நான் திரும்பத் திரும்ப எந்த இடத்தைச் சுரண்டித் துடைத்தேனோ அதே இடத்தில் ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றி, துணியின் நுனியை விட்டு அக்கறையாகத் துடைத்தார்.

நான் செருமினேன். மாமி திரும்பிப் பார்த்தார். முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு எழுந்த வேகத்தில் கோப்பை ஒரு பக்கம் உருண்டது, அவர் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டார். வாளி மட்டும் நின்றது. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன், உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர். கடலுக்கு இவ்வளவு கிட்டே இருக்கிற கிணற்றில் சர்பத்தா வரும்?

முதலில் எனக்குக் கொதித்தது. ஒரு பெட்டரி, ஒரு ரெகுலேட்டர், நாலு மாத மானம், இப்போது கட்டார் வரைக்கும் போகிற நிலை, எல்லாம் ஒரு வாளி தண்ணீரால். பைக் எப்போதும் பளபளப்பது மனைவி துடைப்பதால் என்றே நினைத்திருந்தேன், உள்ளே போய் அவளை எழுப்பிக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"உங்களுக்கிட்டச் சொல்ல வேணாம் எண்டு உம்மாதான் சொன்னா" என்றாள். "மருமகன் வெக்கப்படுவாராம். பழைய பைக் குடுத்த எண்டு கலியாணத்தண்டு ஒருத்தி உம்மாக்கிட்டக் கேட்டாளாம், அதுக்குப் பொறகு ஒருநாளும் தவறல்ல. ஆர் பாத்தாலும் புதுப் பைக் மாதிரி இரிக்கணும் எண்டு."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். நான் மூடியைத் திறந்து உட்கார்ந்திருப்பதை மாமி திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பாராம். மருமகன் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாரே, அந்த இடத்தில்தான் அழுக்கு அதிகம் போல என்று நினைத்து, அங்கே மட்டும் இரண்டு கோப்பை கூட ஊற்றுவாராம். குழாய்த் தண்ணீர் குடிக்கிற தண்ணீர், அதைப் பைக்குக்கு ஊற்றினால் வீண்விரயம் என்று கிணற்றில் அள்ளினாராம். நான் எவ்வளவுக்கு நோயைத் தேடினேனோ அவ்வளவுக்கு அவர் மருந்து என்று உப்பை ஊற்றியிருக்கிறார். பூனையிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மனைவியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றாள்.

உம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். கழுவ வேண்டாம் என்று சொல்வது எனக்கு முடியாத காரியம். அந்தக் கழுவல்தான் மாமி என்னோடு கதைத்த கதை. ஆகவே பைக்கைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். அந்தக் கப்ளரையே வெட்டி எறிந்தேன். வயர்களை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, கிரீஸ் பூசினேன். எர்த்துக்கென்று தனியாக ஒரு தடித்த வயரைப் பெட்டரிக்கே நேராக இழுத்தேன். இனிக் கடலுக்குள் தள்ளினாலும் சார்ஜ் ஏறும் என்ற அளவுக்குச் செய்துவிட்டு மீட்டரை வைத்தேன். பதினாலு புள்ளி இரண்டு.

வீட்டில் ரகசியம் நிற்குமா? மத்தியானத்துக்குள் மனைவி உம்மாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் காலையில் வாளி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பைக் மேல் மண் படிந்தது. திரைக்குப் பின்னால் ஒரு பேச்சும் கிடையாது, மனைவிக்கும் இல்லை, பூனைக்கும் இல்லை. மருமகனின் பிழைப்பைத் தானே கெடுத்துவிட்டோமே என்று உம்மா அழுகிறார் என்று மனைவி சொன்னாள். சார்ஜ் ஏறிய பைக்கில் நான் ஒரு சுகமும் இல்லாமல் போய் வந்தேன். கடவுச்சீட்டின் படம் போனில் இருந்தது. அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை, மாமா கேட்டால் நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன்.

மூன்றாம் நாள் சுபஹுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்தேன். குழாயைத் திறந்து ஒரு வாளி நல்ல தண்ணீர் பிடித்து, பைக்கின் பக்கத்தில் வைத்து, அதன் விளிம்பில் மாமாவின் சாரன் துண்டை மடித்துப் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாளி அப்படியே இருந்தது. மறுநாளும் வைத்தேன். அன்று காக்காவின் கடையில் ஒன்றுக்கு இரண்டு தேநீர் குடித்து வேண்டுமென்றே தாமதித்தேன். அவர் என்ன கிண்டல் செய்தார் என்று காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் வாளி காலி. பைக் கல்யாணத்தன்று நின்றது போலப் பளபளவென்று நின்றது. வலது பக்க மூடி மட்டும் திறக்கப்படவில்லை.

ஊரும் பார்த்தது. நான் செல்ப் அடித்துப் புறப்பட்ட முதல் வாரத்திலேயே காக்கா தன் பைக்கைக் கொண்டுவந்து, இதையும் ஒரு கண் பாருங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய எர்த்திலும் களிம்பு. தேநீர்க் கடையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் கழுவுகிறாராம், அதுவும் கிணறு. அவரிடம் நான் எதுவும் திருப்பிச் சொல்லவில்லை. நாலு மாதத்தில் அந்த ஒரு நற்குணம் எனக்கு வந்திருந்தது. சவளக்கடை விவசாயியும் திரும்பி வந்தார், இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு.

பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. மனைவி கிளினிக்குக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் மீட்டரின் வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன். திரை அசைந்தது. மாமி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் பாதி தெரிந்தது. பூனை என் காலடியில்தான் படுத்திருந்தது. மாமி அதைப் பார்க்கவில்லை.

"மகன்" என்றார். "மாமாவுக்கு நான் சொல்லிட்டன். விசா வேணாம். நான் இருவது வருசம் போனோட குடும்பம் நடத்தினது போதும்."

மீட்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"ஓம் மாமி" என்றேன்.